முற்றத்துக்குத் தந்த வாடகை

பங்காருபாளையத்திலிருந்து சிங்கப்பூர் சென்ற நாங்கள், மூன்று இரவுகள் தங்குவதற்குச் சைனாடவுனில் ஒரு சிறு விடுதியைத் தேர்ந்தெடுத்தோம். அதே பணத்துக்கு நகரின் ஒதுக்குப்புறத்தில் பெரிய அறையே கிடைத்திருக்கும் என்று உறவினர் குறைபட்டுக்கொண்டனர். எனினும் பணம் வீணாகவில்லை என்பதே எங்கள் கருத்து.

வாசலில் சிவப்புக் காகித விளக்குகள், படிக்கட்டில் பூவேலை ஓடுகள், அறையில் தேநீர்க் கெண்டி. சீனப் பாணி என்று விளம்பரம் சொன்னவை இவைதாம். இவற்றை எந்த ஊரிலும் வாங்கி வைத்துவிடலாம். வாங்க முடியாதது அந்தக் கட்டடம். சைனாடவுனின் கடைவீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு செல்பவை. கீழே கடை, மேலே குடியிருப்பு. முன்னால் வெயிலும் மழையும் படாத 'ஐந்தடி நடைபாதை'; ராஃபிள்ஸ் 1822ஆம் ஆண்டிலேயே நகரத் திட்டத்துக்கென வகுத்த விதி அது. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் என்பதால், நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டுக் காற்றும் வெளிச்சமும் பெற்றார்கள். அதைக் கண்டதும் எங்கள் பாட்டி வீடு நினைவுக்கு வந்தது.

இந்த அமைப்பால் ஒரு குறையும் உண்டு. நடுவில் அமையும் சில அறைகளுக்குச் சன்னல் இராது. எங்களுக்கு வாய்த்தது அத்தகைய அறை. பொழுது விடிந்ததைக் கைபேசியைப் பார்த்தே அறிந்தோம். பதிவு செய்யும்போதே சிறிய எழுத்தில் அது சொல்லப்பட்டிருந்தது. படிக்காதது எங்கள் பிழை. சிறிய எழுத்தில் போட்டது அவர்கள் பிழை. அறை எண் எட்டு என்றதும் சற்றுத் தயங்கினோம். நம்மவர் சிலர் அஞ்சும் அந்த எண் சீனருக்குச் செல்வத்தின் எண்ணாம்!

காப்புத்தொகைக்குப் பற்று அட்டையை நீட்டியதும் எங்கள் தவறே. பிடித்துவைத்த தொகை விடுவிக்கப்படும் வரை, கணக்கிலுள்ள நம் பணத்தை நாமே எடுக்க இயலாது. கடன் அட்டையாயின் வரம்பு மட்டுமே குறையும். ரூபாயிலா டாலரிலா என்று கருவி கேட்டால், அந்நாட்டு டாலரைத் தேர்வதே பெரும்பாலும் நமக்கு ஆதாயம்.

சைனாடவுன் என்று பெயரிருந்தாலும் அது சீனருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான் உள்ளது. கியோங் சைக் சாலையின் முனையில் லயன் சித்தி விநாயகர் கோயிலும் இருக்கிறது. 1989இல் சிங்கப்பூர் அரசு இவ்வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. கடைவீடுகள் இடிபடாமல் நின்றதும், பின்னர் அவற்றுள் சில விடுதிகளாகிப் பிழைத்ததும் அதனால்தான்.

நடந்தே போகக்கூடிய தொலைவில் மார்க்கெட் தெரு இருக்கிறது. நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் அங்கேதான் இருந்தன. ஒரே கூடத்தில் பலர், ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டகமும் தாழ்ந்த மேசையும். இரவில் அங்கேயே படுக்கை. வங்கிகள் எளிதில் கடன் தராத சிறு வணிகருக்கு அவர்களே வங்கி. நாங்கள் போய்ப் பார்த்தபோது அங்கே உயர்ந்த அலுவலகக் கட்டடங்களே நின்றன. சீனரின் கடைவீட்டில் பணம் கொடுத்து உறங்கிய எங்களுக்கு, தமிழரின் கிட்டங்கியைப் பார்க்கவும் வாய்க்கவில்லை.

பங்காருபாளையத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாகப் புதிய தங்குமிடங்கள் எழுகின்றன. மாங்காய்ப் பருவத்தில் வரும் வியாபாரிகளுக்கு அவை தேவைதான். ஆனால் ஊருக்குள் ஓட்டு வீடுகளை இடிப்பதற்கு அது காரணமாக வேண்டியதில்லை. புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமன்றி, இருப்பதைப் பழுதுபார்ப்பதற்கும் வங்கியில் கடன் உண்டு. அதைக் கேட்டு வருபவர் குறைவு. எங்கள் தெருவில் முற்றம் உள்ள வீடுகள் இன்று இரண்டே. அவற்றுள் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.