தாழ்வாரம் கட்டிய ஊரில் தங்க இடமில்லை

ஆசிரியருக்கு,

வீடற்றோர் குறித்த தங்கள் தலையங்கத்தை வரவேற்கிறேன். ஆனால், வீட்டுவசதித் திட்டங்களை முடுக்கிவிட்டால் போதும் என்ற முடிவு நடைபாதையில் உறங்குபவருக்கு உதவாது. 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், வீடு கட்டிக்கொள்ள மானியம் பெறச் சொந்த மனை வேண்டும். புதுச்சேரி பெரிய மார்க்கெட் கடை வாசலில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுப்பவருக்கு மனையும் இல்லை, முகவரியும் இல்லை. அவருக்கு முதல் தேவை இரவு விடுதி. ஒரு லட்சம் பேருக்கு, குறைந்தது 100 பேர் தங்கும் விடுதி வசதி என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதியாக இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளின் மக்கள்தொகை 5 லட்சத்துக்கு மேல். ஆக, ஐந்து விடுதிகளாவது வேண்டும்.

விடுதி திறந்தால் வெளியூர்க்காரர்கள் குவிவார்கள் என்கிறார்கள் சிலர். திறந்தாலும் ஆள் வராது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. விடியுமுன் மூட்டை தூக்கப் போகிறவர் ஊருக்கு வெளியே உள்ள விடுதியைத் தேடி எப்படிப் போவார்? பிழைப்பு இருக்கும் இடத்திலேயே படுக்கையும் இருந்தால் வருவார். எனவே ரயில் நிலையத்துக்கும் மார்க்கெட்டுக்கும் இடையே பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களை விடுதிகளாக்க வேண்டும். விடுதி முகவரியை ரேஷன் அட்டைக்கு ஏற்க வேண்டும். வழிப்போக்கருக்கென்று தெருவோரம் தாழ்வாரம் இறக்கி வீடு கட்டிய ஊர் இது. அந்த மரபை அரசு மறக்கலாகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி