404-ம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் போதும், “3-ம் எண்ணுன்னா என்னங்க?” என்று வாசகர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மொத்தம் 11 எண்கள். எனக்கே மனப்பாடம் இல்லை. அதனால் ஒரு லீவு நாளில், எண்ணைத் தொட்டால் விளக்கம் வருகிற மாதிரி சின்னதாக ஒரு வெப்சைட் செய்தேன். ஃபிரேம்வொர்க் எதுவும் கிடையாது, வெறும் ஜாவாஸ்கிரிப்ட். 3-ஐத் தொட்டால் ‘புஷ்ஸ்டேட்’ என்ற ஒரு வரி, முகவரியின் கடைசியில் ‘கூண்டு/3’ என்று மாற்றிவிடும். பக்கம் மறுபடி லோடு ஆகாது.

பெருமையாக அந்த லிங்க்கை பாம்பனில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன். “ஏம்மா, 11-க்கு மேல கூண்டே இல்லையே, 404-னு வருது?”

விஷயம் இதுதான். அந்த முகவரி என் பிரவுசர் எழுதிக்கொண்டது. சர்வரில் அப்படி ஒரு ஃபைல் இல்லை. சித்தப்பா நேராகத் திறந்ததும் கேள்வி சர்வருக்குப் போய்விட்டது. எந்த எண்ணைக் கேட்டாலும் முதல் பக்கத்தையே கொடு என்று சர்வரிடம் சொல்லிவைத்தேன். முகவரியைப் படித்து 3-ஐக் காட்டுவது ஸ்கிரிப்ட்டின் வேலை. சர்வரைத் தொட முடியாதவர்கள் ‘#3’ என்று வைக்கலாம். #-க்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகாது.

அப்புறம்தான் பெரிய தப்பு கண்ணில் பட்டது. 3-ஐப் பார்த்து, 1-க்குப் போய், பேக் பட்டனை அழுத்தினால் முகவரி 3-க்குத் திரும்பியது. விளக்கம் மட்டும் 1-லேயே நின்றது. காற்றும் மழையும் துறைமுகத்தை மிரட்டுகிறது என்று சொல்லவேண்டிய இடத்தில், உடனடி பாதிப்பில்லை என்றிருக்கிறது! இதற்கு 404 எவ்வளவோ மேல். ‘பாப்ஸ்டேட்’ வரும்போதெல்லாம் முகவரியைப் படித்து விளக்கத்தை மாற்றும்படி எழுதிய பிறகே லிங்க்கை மறுபடி அனுப்பினேன்.

இப்போது சரியாகத் திறக்கிறதாம். 404-ஐ எப்போது ஏற்றுவார்கள் என்று மட்டும் சித்தப்பா இன்னும் விடாமல் கேட்கிறார்.