பையன் மக்கா? மொழி புதிதா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளை நம்பி ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் வந்தனர். ஆந்திர எல்லை அருகில். தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. இங்கே ஒரு சிறுவன் தமிழ் வாசிக்கத் திணறினால், மொழி புதிது என்பதா, மக்கு என்பதா?

இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். 'டிஸ்லெக்சியா' என்றொரு வாசிப்புக் குறை உண்டு. பேச்சில் பிள்ளை சூட்டிகை. எழுத்தைக் கண்டு ஒலியைப் பிடிப்பதில்தான் தடுமாற்றம். வீட்டு மொழியை வாசித்தாலும் அதே கதை! பிரம்பால் தீராது.

பயிற்சி பெற்ற ஆசிரியர் மணலில் விரலால் எழுதவைத்து, ஒலியையும் கூடவே சொல்லவைப்பார். நம் திண்ணைப் பள்ளிக்கூடம் செய்ததுதான்!

2016ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை ஏற்றது. சிறப்புக் கல்வியில் பி.எட். பட்டம் இருக்கிறது, சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கமும் ஆசிரியர்களைப் பயிற்றுகிறது. அங்கே போக மின்சார ரயிலும் உண்டு. வகுப்பை விட்டுப் போய்ப் படித்துவர ஆசிரியருக்கு விடுப்பும் சம்பளமும் தரப்போவது யார்?