16 சுவிட்சை ஒரு சின்ன போர்டு படிக்குமா?

“கிணறு, தரைமட்டத் தொட்டி, மேல்நிலைத் தொட்டி மூன்றிலும் சேர்த்து 6 மிதவை சுவிட்ச். சொட்டுநீர் வால்வுகளில் 10 லிமிட் சுவிட்ச். பாலிடெக்னிக் படிக்கும் மகன், இவற்றை அர்டுயினோ ஊனோ போர்டில் இணைத்து மோட்டாரைத் தானாக ஓட்டப் பார்க்கிறான். பின் போதவில்லை என்கிறான். என்ன வழி?”

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

ஊனோவில் டிஜிட்டல் பின் 14, அனலாக் பின் 6. கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு 0, 1 ஆகிய இரண்டையும் விட்டுவிட்டால் மிச்சம் 18. அதில் 16 சுவிட்சுக்கே போய்விட்டால், ரிலேவுக்கும் டிஸ்பிளேவுக்கும் இடம் இருக்காது. மகன் சொல்வது சரிதான்.

இந்த இடத்தில் மாணவர்கள் பலரும் கையில் எடுப்பது, கீபேடில் உள்ளதுபோல 4 வரிசை, 4 பத்தியாகக் கட்டும் முறை. 8 பின்னில் 16 சுவிட்ச் அடங்கிவிடும். ஆனால், கீபேடில் ஒரு நேரத்தில் ஒரு பட்டனைத்தான் அழுத்துவோம். மிதவை சுவிட்ச் மணிக்கணக்கில் மூடியே கிடக்கும். கட்டத்தின் மூன்று மூலைகளில் உள்ள சுவிட்சுகள் மூடியிருந்தால், திறந்திருக்கும் நான்காவதும் மூடியதுபோலவே போர்டுக்குத் தெரியும். அந்த நான்காவது கிணற்று மிதவையாக இருந்தால்? தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடும். காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சுக்கு ஒன்றாக 1என்4148 டயோடு போட்டால் இந்தக் கோளாறு தீரும். என்றாலும், தோட்டம் முழுக்க வயர் இழுக்கும் வேலைக்கு இந்த முறை ஏற்றதல்ல.

74ஹெச்.சி165 என்ற ஐ.சி இரண்டு வாங்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு 8 சுவிட்ச். முதல் ஐ.சி-யின் 9-வது காலை, அடுத்ததன் 10-வது காலில் இணைத்தால் 16 ஆகிவிடும். போர்டில் 3 பின்தான் செலவாகும். ஒரு பின், எல்லா சுவிட்சின் நிலையையும் ஒரே நொடியில் பிடித்து வைக்கச் சொல்லும். இன்னொன்று, ஒவ்வொன்றாக நகர்த்தும். மூன்றாவது வழியாக விவரம் உள்ளே வரும். இரண்டு ஐ.சி-யிலும் 15-வது கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு உள்ளீட்டிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். இல்லாவிட்டால் சுவிட்ச் திறந்திருக்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

இனி முக்கியமான விஷயம். இப்படி இணைத்தால் மூடிய சுவிட்ச் 0, திறந்தது 1. எனவே, கிணற்றில் தண்ணீர் இருந்தால் மூடிக்கொள்ளும் மிதவையாகப் போடுங்கள். மேல்தொட்டிக்கு, நிறையாதவரை மூடியிருக்கும் மிதவை. எலி கடித்தோ, மண்வெட்டி பட்டோ வயர் அறுந்தால், ‘கிணற்றில் தண்ணீர் இல்லை’, ‘தொட்டி நிறைந்துவிட்டது’ என்றே போர்டு எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தும். மாற்றிப் போட்டால், அறுந்த வயரே மோட்டாரை ஓட விடும். வயர்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மட்டும் இந்த ஏற்பாடு காப்பாற்றாது. அதற்காக, டிரை ரன் பாதுகாப்புள்ள ஸ்டார்ட்டர் தனியாக இருக்கட்டும்.

கிணற்றிலிருந்து வரும் நீள வயரை நேராக ஐ.சி-யில் செருகக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது அந்த வயரில் பொய்யான சைகை ஏறும். சுவிட்ச் வழியாக 12 வோல்ட் அனுப்பி, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் பிசி817 ஆப்டோகப்ளர் மூலம் உள்ளே கொண்டு வரலாம்.

சுவிட்ச் மூடும் கணத்தில் அதன் முனைகள் சில மில்லி செகண்ட் துள்ளும். வால்வு சுவிட்சுக்கு 50 மில்லி செகண்ட் ஒரே நிலை நீடித்தால் ஏற்கலாம். மிதவை அலையில் ஆடும் என்பதால் 5 செகண்டாவது பொறுக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் பக்கம் இருப்பது 415 வோல்ட். அந்த இணைப்பு எலெக்ட்ரீஷியன் வேலை, மகனுடையது அல்ல. அவரைக் கூப்பிடுவதற்கு முன், ரிலே இருக்கும் இடத்தில் ஒரு எல்.இ.டி பல்பைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தினமும் ஒரு மிதவை வயரைக் கழற்றுங்கள். எந்த வயரைக் கழற்றினாலும் பல்பு அணைய வேண்டும்.