ஜூரி அறைக் கதவை எப்போது திறக்க வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு வழக்கில் ஜூரிகள் தீர்ப்புச் சொல்லி முடிந்துவிட்டது. பிறகு அவர்களில் ஒருவரே வந்து, "உள்ளே நடந்தது அநியாயம்" என்று சொன்னால் நீதிமன்றம் அதைக் கேட்க வேண்டுமா?

ஆங்கிலச் சட்டத்தின் பழைய பதில், கேட்கக் கூடாது என்பதுதான். 1785இல் இங்கிலாந்தில், குலுக்கல் போலத்தான் முடிவெடுத்தோம் என்று ஜூரிகளே சத்தியக் கடதாசி கொடுத்தும் மான்ஸ்ஃபீல்ட் பிரபு அதை ஏற்கவில்லை. 1987இல் அமெரிக்காவில், ஜூரிகள் குடித்தார்கள், போதைப்பொருள் பாவித்தார்கள், விசாரணையில் தூங்கினார்கள் என்று சக ஜூரிகள் சொல்ல வந்தபோதும் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதில் நியாயமும் இருக்கிறது. உள்ளே கதைத்தது வெளியே வரும் என்றால் யாரும் மனம் திறந்து கதைக்க மாட்டார்கள். தோற்றவன் ஜூரிகளின் வீட்டு வாசலுக்கே பணத்தோடோ மிரட்டலோடோ போவான். எந்த வழக்கும் முடியாது.

ஆனால் கொலராடோவில் பெனா-ரொட்ரிகஸ் வழக்கைப் பாருங்கள். தீர்ப்புக்குப் பிறகு இரண்டு ஜூரிகள் பின்தங்கி நின்று, எதிரியின் சட்டத்தரணியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். முன்னாள் பொலிஸ்காரரான ஒரு ஜூரி, அவன் மெக்சிக்கோக்காரன், அதனால் செய்திருப்பான் என்று உள்ளே வாதாடினாராம். கீழ் நீதிமன்றங்கள் பழைய விதியைக் காட்டிக் கதவை மூடின. 2017இல் உயர் நீதிமன்றம் 5க்கு 3 என்ற பெரும்பான்மையில் கதவைத் திறந்தது. இனவெறுப்பை வைத்தே குற்றவாளியாக்கியதாக ஒரு ஜூரி தெளிவாகச் சொல்லியிருந்தால், அந்தச் சாட்சியத்தை நீதிபதி பார்க்கலாம் என்றது.

அதுதான் சரி என்பது என் கருத்து. தூங்கிய ஜூரியை விசாரணையின்போதே நீதிபதி காணலாம். மனதுக்குள் இருக்கும் வெறுப்பை யார் காண்பது? பக்கத்தில் இருந்தவர் சொன்னால்தான் தெரியும்.

நம் நாட்டிலும் மேல் நீதிமன்றத்தில் 7 பேர் கொண்ட ஜூரி முறை சட்டத்தில் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு "உங்கட ஆக்கள்" என்ற ஒற்றைச் சொல்லால் நாம் எடைபோடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். ஆனால் நம் ஊர் விசாரணைகளில் நாம் என்ன செய்கிறோம்? "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழும்பி வருவதில்லையா?

நமக்கே பாதகமாக இருந்தாலும் உண்மைக்குச் சாட்சி சொல்லச் சொல்வது நம் மார்க்கம். அந்த இரண்டு பேரும் நேரே வீட்டுக்குப் போயிருந்தால் இந்த வழக்கே இல்லை. அடுத்த முறை நாமும் கொஞ்சம் பின்தங்கி நிற்போமா?