வன்பொருளா, வழிமுறையா? கடினக் கணக்குகளுக்கான ‘பேஸ்’ போட்டி உணர்த்துவது என்ன?

சென்னை: கணினியின் வேகத்தைக் கூட்டினால் எந்தக் கணக்கையும் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அந்த நம்பிக்கையின் எல்லையை, 2016-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் ‘பேஸ்’ எனும் சர்வதேச நிரலாக்கப் போட்டி ஆண்டுதோறும் வெளிப்படுத்தி வருகிறது.

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள சைமன்ஸ் நிறுவனத்தில் 2015-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இப்போட்டிக்கான யோசனை உருவானது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட ‘கிராஃப்’ வலைப்பின்னல்கள் தொடர்பான கடினமான கணக்கு ஒன்றோ இரண்டோ ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கப்படுகின்றன. பெரும்பாலான ஆண்டுகளில், துல்லியமான விடை காணும் பிரிவில் ஒரு மாதிரிக்கு 30 நிமிடம் மட்டுமே அவகாசம். போட்டியாளர்களின் நிரல்கள் அனைவரும் காணும் வகையில் வெளியிடப்பட வேண்டும்.

கணக்கு ஏன் கடினம்?

2019-ஆம் ஆண்டுப் போட்டியில் இடம்பெற்ற ஒரு கணக்கை நகர வாழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். ஒரு நகரில் 100 சாலைச் சந்திப்புகள் உள்ளன. ஒரு சந்திப்பில் வைக்கப்படும் கண்காணிப்பு கேமரா, அங்கு சேரும் எல்லாச் சாலைகளையும் காணும். எந்தச் சாலையும் விடுபடாதிருக்கக் குறைந்தது எத்தனை கேமராக்கள் தேவை?

ஒவ்வொரு சந்திப்பிலும் கேமரா வைக்கலாம் அல்லது வைக்காமல் விடலாம். எனவே எல்லாத் தெரிவுகளையும் சோதிக்க, 2-ஐ 100 முறை பெருக்கிவரும் எண்ணிக்கையில் தேர்வுகளைப் பார்க்க வேண்டும். நொடிக்கு 100 கோடி தேர்வுகளைச் சோதிக்கும் கணினிக்கும் இதற்கு ஏறத்தாழ 40 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகளே.

இங்கு வன்பொருள் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. கணினியின் வேகம் இரட்டிப்பானால், அதே நேரத்தில் கூடுதலாக ஒரே ஒரு சந்திப்பைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். வேகம் 10,000 மடங்கு உயர்ந்தாலும் கூடுதலாகக் கிடைப்பவை 13 சந்திப்புகளே.

மாற்று வழி

‘30 கேமராக்கள் போதுமா?’ என்று கேள்வியை மாற்றினால் நிலைமை மாறுகிறது. கண்காணிக்கப்படாத ஏதேனும் ஒரு சாலையை எடுத்துக்கொண்டால், அதன் இரு முனைகளில் ஒன்றில் கேமரா இருந்தே ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு படியிலும் இரண்டே கிளைகள். 30 படிகளில் ஏறத்தாழ 107 கோடி கிளைகள் முடிந்துவிடும். சாதாரணக் கணினியே குறுகிய நேரத்தில் இதற்கு விடை தந்துவிடும்.

அதற்கு முன்பே கணக்கைச் சுருக்கவும் முடியும். முட்டுச்சந்தாக முடியும் சாலையில், அடைபட்ட முனையில் கேமரா வைப்பதைவிட மறுமுனையில் வைப்பது ஒருபோதும் பாதகமாகாது. இத்தகைய விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வலைப்பின்னலைச் சுருக்கிய நிரலே 2019-இல் இக்கணக்கிற்கான பிரிவில் முதலிடம் பெற்றது.

போட்டியால் கோட்பாட்டு ஆய்வும் பயனடைந்துள்ளது. 2016-இல் ‘மரஅகலம்’ எனும் அளவைத் துல்லியமாகக் காணும் பிரிவில் வென்ற ஜப்பானின் மெய்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிசாவோ தமாகி, அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அதுவரை விடை தெரியாதிருந்த பல சோதனை மாதிரிகளுக்கு விடை கண்டார்.

இந்தியாவுக்கு என்ன பொருள்?

இந்த ஆய்வுத் துறையில் இந்தியா புதிய நாடன்று. இத்துறைக்கான சர்வதேசக் கருத்தரங்கு 2010-இல் சென்னையில் நடைபெற்றது. துறையின் முதன்மைப் பாடநூல்களுள் ஒன்றான, 2015-இல் வெளிவந்த நூலின் எட்டு ஆசிரியர்களில் ஒருவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் சாகேத் சௌரப். அவருக்கு 2021-ஆம் ஆண்டுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது அறிவிக்கப்பட்டது.

மறுபுறம், ரூ.10,371.92 கோடி மதிப்பிலான இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. 10,000-க்கும் மேற்பட்ட கிராபிக்ஸ் செயலிகள் கொண்ட கட்டமைப்பு அதன் முக்கிய அங்கம். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க அத்தகைய கட்டமைப்பு அவசியமே. ஆனால் சரக்குப் போக்குவரத்து, மின்விநியோகம், கால அட்டவணை போன்றவற்றில் எழும் கணக்குகள் பல, செயலிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்படாதவை.

போட்டியின் வெற்றிகளை மிகைப்படுத்தவும் கூடாது. தேவைப்படும் கேமராக்கள் 30 அல்ல, 80 என்றால், மேற்கண்ட கிளைமுறையும் திணறும். போட்டி மாதிரிகளில் சிறந்து விளங்கும் நிரல், நிஜ உலகத் தரவுகளிலும் அவ்வாறே செயல்படும் என்ற உறுதியும் இல்லை.

எனினும் வெற்றி பெற்ற நிரல்களை எந்தப் பல்கலைக்கழக மாணவரும் கட்டணமின்றிப் பெற்று, ஆராய்ந்து, மேம்படுத்த முடியும். அதற்கு விலையுயர்ந்த கணினிகள் தேவையில்லை. அல்காரிதம் பயிற்சியும் அதற்கான காலமும் தேவை. செயலிகளுக்கு ஒதுக்கப்படும் நிதியின் ஒரு சிறு பங்கு இப்பயிற்சிக்கும் செல்லுமா என்பதே, கோட்பாட்டு ஆய்வில் பெயர் பெற்றுள்ள இந்தியாவின் முன்னுள்ள கேள்வி.