அம்மாவின் மூக்கு

எங்கள் அம்மாவுக்கு 80 வயது பூர்த்தியான அன்று, என் பெண் கைப்பேசியை நீட்டிப் பாட்டியின் முகத்தைப் படம் பிடித்தாள். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ஏண்டா, இது என் மூக்கா, உருளைக்கிழங்கா? நான் போன பிறகு சுவரில் மாட்ட இதுதானா கிடைத்தது? நீயே ஒன்று ஒழுங்காக எடுத்து வை" என்று உத்தரவு பிறந்தது.

குற்றம் மூக்கினுடையதன்று, தூரத்தினுடையது. மூக்கு நுனி காதைவிட 5 அங்குலம் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 20 அங்குலத்திலிருந்து எடுத்தால், காதுடன் ஒப்பிட மூக்கு உள்ளதைவிடக் கால் பங்கு பெரிதாக விழும். 5 அடி விலகினாலோ பன்னிரண்டில் ஒரு பங்குதான். முகத்தின் சாயலை மாற்றுவது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் இடம். விலகி நின்றும் முகம் படத்தை நிரப்ப வேண்டுமே, அதற்காகவே சிறு டெலிபோட்டோ லென்ஸ்கள்.

என்னிடம் பழைய 105 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று உண்டு. 85-ஐயும் 135-ஐயும் சக ஆசிரியரிடம் இரவல் வாங்கினேன். 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள காமிராவில் தலையும் தோளும் அடங்க, 85-க்கு ஏறக்குறைய 5 அடியும், 105-க்கு 6 அடியும், 135-க்கு 8 அடியும் தூரம் வேண்டும்.

முதலில் 135. ரேழியில் போய் நின்றேன். பின்னாலிருந்த பீரோவும் காலண்டரும் மெழுகாய்க் கரைந்து வெகு அழகாயிருந்தன. ஆனால் அம்மாவுக்குக் காது சற்று மந்தம். "சிரி, அம்மா!" என்று கத்தினேன். "எரிகிறதா? எங்கே?" என்று அடுக்களைக்கு ஓடிவிட்டாள்.

105-இன் கீர்த்தி பெரிது. 1984-இல் பாகிஸ்தானின் அகதி முகாமொன்றில் ஸ்டீவ் மக்கரி எடுத்து, 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்த ஆப்கான் சிறுமியின் படம், நிக்கான் 105 லென்ஸில் எடுத்ததே. எங்கள் கூடத்திலோ ஆறாவது அடியில் ஊஞ்சல் சங்கிலி என் முதுகில் இடித்தது. முகாமில் ஊஞ்சல் இல்லை போலும்!

கடைசியில் 85. துவாரத்தை 1.4-க்குத் திறந்துவிட்டு எடுத்ததில், தெளிவு ஓர் அங்குல ஆழத்துக்கே நின்றது. அம்மா சற்றுத் திரும்பியதும் ஒரு கண் துல்லியம், மறு கண் மூடுபனி. இது 85-இன் தோஷம் அன்று. முகம் ஒரே அளவிலும் துவார எண் ஒன்றாகவும் இருந்தால் மூன்று லென்ஸ்களிலும் அந்த ஆழம் ஏறக்குறைய ஒன்றே. பின்னணி கரைவதில்தான் 135 முந்திக்கொள்கிறது. துவாரத்தை 4-க்குக் குறைத்தேன். 3 அங்குலம் கிடைத்தது. இரண்டு கண்களும் பிழைத்தன.

ஐந்தடியில் நான் பேசுவது அவளுக்குக் கேட்டது. கல்யாணத்தில் அப்பா சம்பந்தியிடம் கோபித்துக்கொண்ட கதையைக் கேட்டேன். சொல்லிக்கொண்டே சிரித்தாள். அந்தக் கணத்தில் எடுத்தேன்.

படத்தை அம்மா நெடுநேரம் பார்த்தாள். "இதையே மாட்டு" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆணியை இன்றைக்கே அடித்துவிடாதே" என்றாள்.